மதிப்பெண் கொண்டுவந்து விட்ட துறையில் மனம் ஒட்டிக்கொண்டால்?

கேள்வி:

ஐயா, நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ்வழி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன். பணம் கட்ட முடியவில்லை. கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் கணினி அறிவியலையும் வணிகவியலையும் எடுத்துக்கொண்டு போக, எனக்கு மிஞ்சியது தாவரவியல். முதல் வருடம் வேண்டாவெறுப்பாகத்தான் போனது. இரண்டாம் வருடம் கொல்லிமலைக்கு நான்கு நாள் டூர் போனோம். அங்கே எங்கள் மேடம் ஒரு புல்லைப் பிடுங்கி, லென்ஸை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குப் புல் பைத்தியம். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் 38 புல் சேர்த்துப் பழைய பேப்பரில் அழுத்தி வைத்திருக்கிறேன். 11-க்குப் பெயர் தெரியவில்லை. பட்டியல் இணைத்திருக்கிறேன்.

போன மாதம் கேம்பஸில், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மாதம் 17,500 ரூபாய் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வேலைக்குப் போ, இல்லாவிட்டால் பி.எட். படி என்கிறான். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். மகளிர் குழுக் கடன் 1,40,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. எனக்கு எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. இது உண்மையிலேயே என் பாதைதானா, இல்லை வேலைக்குப் போகப் பயந்துகொண்டு படிப்பைப் பிடித்துத் தொங்குகிறேனா? ‘இதுதான் நம் வேலை’ என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்?

— மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உறையைப் பிரித்ததும் முதலில் கையில் வந்தது புல் பட்டியல்தான். கடிதத்தைப் பிறகுதான் படித்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. கடிதத்தை முதலில் படித்திருந்தால், மூன்றாம் ஆண்டில் எல்லோருக்கும் வரும் குழப்பம் இவருக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக் கடந்திருப்பேன். பட்டியல் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு புல்லுக்கும் நேரே தேதி, இடம், மண்ணின் நிறம், ‘மாடு தின்கிறது’, ‘மாடு மோந்துவிட்டுப் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் சித்திரை, வைகாசியில் எடுத்தவை. அந்த வெயிலில் ஏரிக்கரையில் குனிந்து நின்றதற்கு உங்களுக்கு யாரும் இன்டர்னல் மார்க் போடப்போவதில்லை. ரெக்கார்டு நோட்டிலும் அது ஏறாது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக இதைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். என் பார்வையில் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரியில் இருக்கிறது.

வேலைக்குப் பயந்து படிப்பைப் பிடித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எம்.எஸ்சி. என்றால் இன்னும் இரண்டு வருட விடுதி வாழ்க்கை. எதைப் படிக்கப்போகிறாய் என்று கேட்டால் கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள், பாடத்தின் பெயர் வாயில் வராது. நீங்கள் பெயர் தெரியாத 11 புல்லைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பயமும் உங்களுக்கு இருக்கலாம், இருக்கட்டும். ஊரை விட்டு ஒரகடத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போவதற்கு 20 வயதில் யாருக்குத்தான் பயம் இல்லை? பயம் இருப்பதாலேயே ஆசை பொய் ஆகிவிடாது.

‘மிஞ்சியது தாவரவியல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையில் ஒரு வெட்கம் தெரிகிறது. 1981-ல் நானும் வேதியியல் கேட்டுக் கிடைக்காமல் தாவரவியலில் வந்து உட்கார்ந்தவன்தான். பிறகு 31 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இந்தத் துறையை முதல் விருப்பமாகக் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் ஊரில் மதிப்பெண்ணும் பணமும்தான் பிள்ளைகளைத் துறைகளில் கொண்டுபோய் விடுகின்றன. மனம் பின்னால்தான் வரும். சிலருக்கு வராமலே போகும்.

எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதல் ஆண்டில் தண்டைக் குறுக்கே வெட்டி செக்‌ஷன் எடுக்கும் வகுப்பு. பிளேடைப் பிடித்துப் பூசணித் தண்டை வெட்டுவேன். கறிக்கு நறுக்கியது போல் கனமாக வரும். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு வார்த்தை பேச மாட்டார். தட்டைப் பார்ப்பார், அடுத்த தண்டை எடுத்து வைப்பார். மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் கண்ணாடி போல் ஒரு துண்டு விழுந்தது. அதை சாஃப்ரனின் என்ற சாயத்தில் தோய்த்து நுண்நோக்கியில் வைத்தால், வட்டமாக அடுக்கிய குழாய்கள் சிவப்பாகத் தெரிந்தன. அவரும் குனிந்து பார்த்தார். ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ போதுமானதாக இருந்தது. எனக்குள் பிறவியிலேயே தாவரவியல் ஆசை ஒளிந்திருந்ததாகவும் அன்றைக்கு அது வெளியே வந்ததாகவும் நான் நினைக்கவில்லை. கை தேறத் தேற ஆசை உண்டாயிற்று, அவ்வளவுதான். இந்தத் துறையில் ஆசை வந்தவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். வரிசை அநேகமாக இதுதான். ‘இதுதான் என் வேலை’ என்று முதலில் தெரிந்துகொண்டு பிறகு இறங்கியவர்கள் சொற்பம்.

அதனால் பல்கலைக்கழகப் படிப்பு ஒருவரை உருவாக்குகிறது என்று மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பாடத்திட்டம் யாரையும் உருவாக்கி நான் பார்த்ததில்லை. உங்கள் மேடம் ஒரு லென்ஸைக் கொடுத்தார்கள், என் டெமான்ஸ்ட்ரேட்டர் தண்டை மாற்றி மாற்றி வைத்தார். மூன்று வருடத்தில் அப்படி ஒரு மணி நேரம் வாய்க்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாய்க்காத கல்லூரிகளும் உண்டு. நான் புறத்தேர்வாளராகப் போன ஓரிடத்தில் ‘களப்பயணம்’ என்றால் ஊட்டி போட் ஹவுஸ். டூர் ரிப்போர்ட் முழுக்க சீனியர்கள் எழுதியதன் நகல். ஒரே ரிப்போர்ட்டில் கடல் பாசியும் ஊட்டியில் சேகரித்ததாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சங்கடம்தான்.

நீங்கள் புல் பக்கம் போனதும் எனக்கு ஜானகி அம்மாள் ஞாபகம் வந்தார். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தவர். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தது. அங்கேயே 1931-ல் முனைவரானார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் வேலை செய்தது முழுக்கப் புல் குடும்பத்தில். கரும்பும் புல்தான். அதைச் சோளம், நாணல் வகைப் புற்களோடு கலந்து, குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். 1945-ல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை டார்லிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து வெளியிட்டார். மேதைகளின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. இவரைச் சொன்னதற்குக் காரணம் வேறு. அவருடைய வாழ்க்கையிலும் சம்பள வேலை, படிப்பு, மறுபடி வேலை என்று மாறி மாறித்தான் வந்தது. ஒரு ஜூன் மாதத்தில் எல்லாம் முடிவாகிவிடும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் தளர்த்தத்தான் சொல்கிறேன்.

சரி, பதிலின் மறுபாதி. பட்டியலைப் பார்த்து மகிழ்ந்ததோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீங்கள் சேகரித்திருக்கிறீர்கள், பிரித்துப் பார்த்த தடயம் குறைவு. 38-ல் பெரும்பாலானவற்றுக்கு ஊர்ப்பெயர் போட்டிருக்கிறீர்கள். சிறுகதிரைப் பிரித்து, வெளிப்பூச்செதில் எது, உட்பூச்செதில் எது, மீசை எங்கிருந்து கிளம்புகிறது என்று ஆறேழுக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள். புல்லில் வேலையே அங்கேதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மேலே போய் அந்தக் காற்று பட்டால் இரண்டு நாளைக்கு யாரும் தாவரவியல் அறிஞர்தான். ஒரு மில்லிமீட்டர் செதிலை ஊசியால் பிரிக்க மூன்று சாயங்காலம் செலவழித்து, கடைசியில் கேம்பிளின் தாவர நூலில், செடியின் பெயரைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க உதவும் ‘கீ’யில், முதல் படியிலேயே தப்பான வழியில் போயிருக்கிறோம் என்று தெரிந்து, மறுபடி முதலிலிருந்து வரும்போது எரிச்சலோடு கூடவே ‘இப்போது பிடித்துவிடுவேன்’ என்று தோன்றுகிறதா பாருங்கள். பருவத் தேர்வுக்கு முன்னால் ஆறு வாரம் இருக்கிறது. பெயர் தெரியாத 11-ல் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு என்னைவிட அந்த நான்கும் நன்றாகப் பதில் சொல்லும்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் தமிழ்வழி என்று எழுதியதிலேயே அந்தப் பயம் எனக்குக் கேட்டது. கீ எல்லாம் ஆங்கிலத்தில்தான். அந்த ஆங்கிலம் ஐந்நூறு சொல்லுக்குள் அடங்கும் ஒரு தொழில் மொழி. அதைக் கான்வென்டில் படித்தவரும் புதிதாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு புது இனத்தை விவரிக்க லத்தீன் கட்டாயம் என்ற விதிகூட 2012-லிருந்து தளர்ந்து, ஆங்கிலமும் போதும் என்று ஆகிவிட்டது. இன்னொன்று: புறத்தே வைரம் ஏறியவை புல், அகத்தே ஏறியவை மரம் என்று தொல்காப்பியம் தாவரங்களைப் பிரிக்கிறது. உள்கட்டமைப்பைப் பார்த்து வகைப்படுத்தும் பழக்கம் உங்கள் மொழிக்குப் புதிதல்ல.

இனி வயிற்றுப்பாடு. புல் பார்க்கத் தெரிந்தவர்கள் நாட்டில் குறைவு. அவர்களுக்கான நாற்காலி அதைவிடக் குறைவு. எம்.எஸ்சி. முடித்து முனைவர் பட்டமும் வாங்கி, கௌரவ விரிவுரையாளராகவே நாற்பதைத் தாண்டியவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். இதை மறைத்து உங்களுக்கு ஊக்கம் கொடுத்தால் அது துரோகம். நல்ல செய்தியும் இருக்கிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது கிடைப்பவர்களுக்கு முனைவர் படிப்பு கடன் வாங்கிப் படிக்கும் படிப்பல்ல. கிடைக்காதவர்களுக்கு நிஜமாகவே கஷ்டம். அதனால் எம்.எஸ்சி.யில் சேர்ந்த முதல் பருவத்திலேயே அந்தத் தேர்வைக் குறிவைத்துப் படிக்க வேண்டும். புல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காது. உயிர்வேதியியலும் மரபியலும் வேண்டும்.

ஆராய்ச்சி கைகூடாவிட்டால் என்ன என்றும் யோசியுங்கள். பிளஸ் டூவில் தாவரவியலைத் தனிப் பாடமாக வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. முதுநிலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். அண்ணன் சொல்லும் பி.எட்.டை இப்போதே செய்வதைவிட எம்.எஸ்சி.க்குப் பிறகு செய்தால் கதவு பெரிதாகத் திறக்கும். ‘பி.எட். முடித்திருந்தால் மாப்பிள்ளை பார்க்க வசதி’ என்பதற்காகச் சேருவது மட்டும் வேண்டாம். யாராவது அப்படிச் சொல்வார்கள், அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். வனத் தொழில் பழகுநர் தேர்வுக்கும், மத்திய அரசின் இந்திய வனப்பணித் தேர்வுக்கும் தாவரவியல் பட்டம் தகுதியானது. நீலகிரியில் சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் அகற்றிவிட்டுப் பழைய புல்வெளியை மீட்கும் வேலைகள் நடக்கின்றன. அங்கே எந்தப் புல்லை நடுவது, எது தானாக வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இருக்கிறது; கிளுவை வேலி, வெள்வேல் மரம், அடியில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. இவை பெரும்பாலும் திட்ட வேலைகள், ஒப்பந்த வேலைகள். நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மாடு மோந்துவிட்டுப் போய்விட்டது’ என்று குறித்துவைக்கிறவருக்கு அங்கே மரியாதை உண்டு.

ஒரகடம் வேலையை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். உங்கள் வீட்டில் மாதாமாதம் இன்ன தேதியில் இவ்வளவு வரும் என்று சொல்லக்கூடிய வருமானம் இதுவரை இருந்திருக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதி, சாப்பாடு, பிடித்தம் எல்லாம் போக 10,000 ரூபாய் மிஞ்சினால் 12 மாதத்தில் 1,20,000. குழுக் கடன் கிட்டத்தட்ட அடைந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே புல்லையும் விடாமல் இருக்கலாமே என்று யாராவது சி.வி.ராமனை உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், அவர் 1907-லிருந்து 1917 வரை கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டு, காலையும் மாலையும் கல்கத்தா ஆய்வுக் கூடத்துக்குப் போய்வந்தார். ஆனால் அவருடையது அதிகாரி உத்தியோகம். சுழற்சி ஷிஃப்டில் எட்டு மணி நேரம் நின்று, கம்பெனி பஸ்ஸில் விடுதிக்கு வந்து விழும் பெண்ணிடம் அந்த மாலை நேரம் இருக்காது. எனவே போவதானால் ஒரு வருடம் என்று நாள் குறித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் எம்.எஸ்சி. சேர்க்கைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஜாம், க்யூட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கு வயது வரம்பும் கிடையாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். நல்ல துறையில் இடமும் விடுதியும் கிடைத்தால் இந்த வருடமே சேருங்கள், கடனைத் தவணையில் இழுத்துக்கொள்ளலாம். நல்ல துறை கிடைக்கவில்லை என்றால் ஒரகடத்துக்குப் போங்கள். மோசமான துறையில் இரண்டு வருடம் எம்.எஸ்சி. படிப்பதைவிட ஒரு வருடத் தொழிற்சாலை வேலை எவ்வளவோ மேல். கடனாவது அடையும், சொந்தக் காசில் ஒரு நல்ல லென்ஸாவது வாங்குவீர்கள்.

நல்ல துறை எது என்று கண்டுபிடிக்க, கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘நாக்’ அமைப்பின் கிரேடைப் பார்க்காதீர்கள். நேரில் போய், ஹெர்பேரியம், அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள் இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். ‘ஹெச்.ஓ.டி.யிடம் இருக்கிறது, அவர் லீவு’ என்று சொன்னால் அப்படியே திரும்பி பஸ் ஏறுங்கள். திறந்து காட்டினால் ஷீட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். கடைசியாகச் சேகரித்த வருடம் என்ன? அதில் மாணவர் யாருடைய பெயராவது இருக்கிறதா? உங்களுக்குப் பக்கத்திலேயே திருச்சி புனித வளனார் கல்லூரியில் ரெப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967-ல் மாத்யூ அடிகளார் தொடங்கியது. நம் சமவெளித் தாவரங்களுக்கு இன்றைக்கும் நாங்கள் எடுத்துப் பார்க்கும் பெரிய நூலை அங்கிருந்துதான் அவர் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம். இந்த மூன்றில் ஒன்றுக்குப் போய்வரும் தூரத்தில், அங்கே மாணவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர் இருக்கும் துறையாகப் பாருங்கள். அரசுக் கல்லூரியாக இருந்தால் கட்டணம் பெரிய தொகை இல்லை, விடுதிச் செலவுதான் இருக்கும். நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் இப்போது மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். அது இளநிலையோடு நின்றுவிடும், கணக்கில் சேர்க்காதீர்கள். எம்.எஸ்சி. முதலாண்டில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து பார்த்தால், ஆராய்ச்சி வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்தில் அவர் மேல் கோபம் தெரிகிறது. அவர் எதுவரை படித்தார், ஏன் நிறுத்தினார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் மூன்று வருடம் கல்லூரிக்குப் போனதில் அந்த லோடு ஆட்டோவுக்கும் பங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவரிடம் ஆராய்ச்சி, லட்சியம் என்றெல்லாம் பேசினால் எடுபடாது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு காட்டுங்கள். இரண்டு வழிக்கும் எவ்வளவு செலவு, எப்போது எவ்வளவு வரும், எந்த மாதத்தில் கையைப் பிசைய வேண்டியிருக்கும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மாவிடம் இதுவரை நீங்கள் நேராகக் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. கடன் அவர் பெயரில் இருக்கிறது, அதனால் முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான். முடிந்தால் அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பது உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கலாம்.

கடைசியாக, பட்டியலில் 8-வதாகவும் 23-வதாகவும் இருக்கும் இரண்டு கோரைகளை எடுத்துவிடுங்கள். அவை புல் குடும்பத்திலேயே வராது. தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும். புல்லுக்கு அப்படி இருக்காது. ஆக, உங்கள் கணக்கு 36.